கணினியின் விதைநெல்



விளைந்த நெல் முழுவதையும் விற்றுவிடுபவன் நல்ல கமக்காரன் அல்லன். அடுத்த காலபோகத்துக்கு வேண்டிய விதைநெல்லைப் புறம்பாக எடுத்து வைத்த பின்னரே அவன் மூடையைக் கட்டுவான். ஓமந்தையின் வயல்வெளிகள் கற்பிக்கும் இப்பாடம் கணினிக்கும் பொருந்தும்.

கணினியின் தாய்ப்பலகையில் சிறு சில்லு ஒன்று உண்டு. இயந்திரத்தைத் துயிலெழுப்பும் நிலைபொருள் எழுதப்பட்டிருப்பது அதிலேதான். அதனைப் புதுப்பிக்கும்போது பழைய எழுத்து அழிந்து, புதியது முற்றுப்பெறுமுன் மின்சாரம் நின்றால், பின்னர் விசிறி சுழலும். திரையோ இருண்டே கிடக்கும். 2022ஆம் ஆண்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீடித்த மின்வெட்டை நேயர்கள் மறந்திரார்.

இத்துன்பத்தை உலகம் பேரளவிற் கண்ட நாள் 1999 ஏப்ரல் 26. தைவான் மாணவர் சென் இங்-ஹௌ 1998இல் ஆக்கிய சி.ஐ.எச். என்னும் நச்சுநிரல், அன்று வன்தட்டுகளை அழித்ததோடு, சில வகைத் தாய்ப்பலகைகளின் சில்லிலும் பொருளற்ற எழுத்தை நிரப்பிற்று. ஆயினும் கெட்டது பலகையன்று, எழுத்தே. சில்லை மாற்றியோ, மீண்டும் எழுதியோ அக்கணினிகளை மீட்க முடிந்தது.

இன்றும் வழி அதுவே. சில பலகைகளில் மாற்றுச் சில்லொன்று உண்டு. சிலவற்றில் பென் டிரைவிலிருந்து நிலைபொருளை மீட்கும் பொத்தான் உண்டு. இரண்டும் இல்லையேல், சில்லிற்கு எழுதும் சிறு கருவியை நாடல் வேண்டும். முதலில் மின்னிணைப்பையும் பலகையிலுள்ள மின்கலத்தையும் அகற்றுக. சில்லு 3.3 வோல்ட்டிற்குரியதா, 1.8 வோல்ட்டிற்குரியதா என்று அறிக. தவறினால் சில்லே கருகக்கூடும். கெட்ட எழுத்தாயினும் அதனை இருமுறை படித்து, இரண்டும் ஒத்திருப்பின் சேமித்து வைக்க. அதன்பின் அழித்து, எழுதி, மீளப் படித்து ஒப்பிடுக.

ஒரே மாதிரிக் கணினிகள் பலவுள்ள பாடசாலையில், நலமாயுள்ள ஒன்றின் சில்லிலிருந்து பிரதி எடுக்கலாம். ஆனால் தொடரிலக்கமும் வலையமைப்பு முகவரியும் சில்லில் இருப்பின், அவற்றைச் சேமித்த பழைய எழுத்திலிருந்து மீட்டுச் சேர்த்தல் வேண்டும். இன்றேல் இரு கணினிகள் ஒரே பெயரில் வாழ நேரும்.

புதிய பலகைக்குப் பணம் ஒதுக்கப்படும்வரை ஒரு கணினி மூலையில் உறங்கினால், அதன் முன் அமரவேண்டிய பிள்ளையின் பாடமும் உறங்கிவிடும். எனவே அழியுமுன்பே பிரதி எடுத்து வைப்பதே அறிவுடைமை. பஞ்சம் வந்தபின் விதைநெல் தேடுவார் உளரோ?