செவிப்பறைக்கு ஓர் ஒட்டு
(தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பிள்ளைக்குக் காதில் சீழ் வடிகிறது; வளர்ந்தால் தானாக நின்றுவிடும்" என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. சீழ் நிற்கலாம். ஆனால், செவிப்பறையில் விழுந்த ஓட்டை அப்படியே இருக்கக்கூடும். அதனை அடைக்கும் அறுவைச் சிகிச்சையைப் பற்றியே பேச வந்துள்ளேன்.

செவிப்பறை ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் அகலமுள்ள மெல்லிய சவ்வு. ஒலி பட்டதும் அதிரும் அச்சவ்வின் பின்னே மூன்று சிற்றெலும்புகள் சங்கிலிபோல் கோத்திருந்து, அதிர்வை உட்செவிக்குக் கடத்துகின்றன. சளி பிடிக்கும்போது, மூக்கின் பின்புறத்திலிருந்து செல்லும் குழாய் வழியே கிருமிகள் நடுச்செவிக்கு ஏறுகின்றன. சீழ் பெருகிச் சவ்வைக் கிழிக்கிறது. பெரும்பாலும் அக்கிழிசல் ஆறிவிடும். அடிக்கடி சீழ் கட்டும் காதிலோ ஓட்டை நிலைத்துவிடுகிறது. பின்னர் ஆற்றில் முழுகினாலும் போதும், தண்ணீர் உள்ளே இறங்கி மீண்டும் சீழ் வடியும். கேட்கும் திறனும் குறையும். ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்வேன்: கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை மந்தம் என்று ஏசுமுன் அதன் காதைச் சோதிக்கச் செய்யுங்கள்.

ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதை நீங்கள் அறிவீர்கள். வெட்டுவாய் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கவேண்டும். கட்டிய பட்டை அசையலாகாது. மருத்துவர் செய்வதும் ஏறக்குறைய அதுவே. காதுக்கு மேலுள்ள தசையைப் போர்த்திய சவ்வில் சிறு துண்டை எடுத்து, ஓட்டையின் விளிம்பைப் புதுப்பித்துப் பொருத்துகிறார். 1950களில் ஜெர்மானிய மருத்துவர்களான வுல்ஸ்டீனும் ஸொல்னரும் இம்முறைக்கு வழிவகுத்தனர். தொடக்கத்தில் தோலை ஒட்டினார்கள். அது சரிவர நிலைக்காததால், தசைமேற் சவ்வு பின்னர் வழக்கிற்கு வந்தது. பத்துப் பேரில் எட்டு, ஒன்பது பேருக்கு ஓட்டை அடைபடுகிறது. செவி நரம்பு கெட்டிருந்தால் அக்குறையை இது நீக்காது. அரிதாகக் கேள்வி மேலும் குறைவதும் உண்டு. ஆகவே மருத்துவரிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெளியுங்கள்.

மூளையைத் தொடுவார்களோ என்ற அச்சம் வேண்டாம். வேலை என்னாகும் என்ற கவலையே நியாயமானது. தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவது அவசியமானால், ஆண்டில் 60 நாள்வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு. சிகிச்சைக்குப்பின் சில வாரங்களுக்குக் காதில் நீர் படலாகாது. மூக்கைப் பலமாகச் சிந்தலாகாது. பால்வாளி தூக்குவதும் ஆகாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.

அதுவரை எண்ணெய், இலைச்சாறு, தாய்ப்பால் எதனையும் காதில் ஊற்றாதீர்கள். சுத்தமான பஞ்சுத் திரியால் சீழை ஒற்றியெடுத்து, மருத்துவர் தரும் சொட்டு மருந்தை இடுங்கள்.

நாற்றத்துடன் சிறிது சிறிதாக வடியும் சீழ் எலும்பை அரிக்கும் நோயாக இருக்கலாம், அதனைத் தள்ளிப்போடலாகாது. காதின் பின்புறம் வீக்கம், தலைசுற்றல், கடும் தலைவலி, முகம் ஒருபக்கம் கோணுதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மற்றவர்கள், சீழ் இரண்டு வாரத்திற்குமேல் வடிந்தால், அரசாங்க மருந்தகத்தில் காட்டி, காது மூக்கு தொண்டை நிபுணருக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.