மணமுறிவும் மகவின் பொறுப்பும்



சில ஆண்டுகளுக்கு முன், டில்லியில் நம் பக்கத்து வீட்டில் வசித்த கும்பகோணத்துப் பெண்மணி ஒருவர், நான்காக மடித்த காகிதம் ஒன்றைக் கொணர்ந்து, "அண்ணா, இதில் என்ன எழுதியிருக்கிறது, பாருங்கள்" என்றார். இந்தியில் அமைந்த நீதிமன்ற அழைப்பாணை அது. பிரிந்து வாழ்ந்த கணவர் விவாகரத்துக் கோரி வழக்குத் தொடுத்திருந்தார். காகிதம் வந்து மூன்று வாரமாயிற்று. படிக்க இயலாமல் சுவாமி படத்தின் பின்னே செருகி வைத்திருந்தார். விசாரணையோ மறுநாள் காலை!

"கல்யாணம் கும்பகோணத்தில்தானே நடந்தது? இங்கே எப்படி வழக்குப் போடலாம்?" என்று கேட்டார். பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் பலருக்கும் இந்த எண்ணம் உண்டு. 1955ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டப்படி, திருமணம் நடந்த இடம், எதிர்த்தரப்பினர் வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகிய எதிலும் வழக்குத் தொடரலாம். மனைவியானால், 2003ஆம் ஆண்டின் திருத்தப்படி, தாம் வசிக்கும் இடத்திலேயே தொடரலாம். தொலைவிலுள்ள மாநிலத்தில் வழக்காட இயலாதவர், அதை மாற்றித் தருமாறு உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். ஆனால் அழைப்பாணையைப் பெற்றும் வாளாவிருந்தால் ஒருதலைத் தீர்ப்பு வழங்கப்படலாம். அதை நீக்கக் கோர 30 நாட்களே அவகாசம். தக்க காரணமும் காட்ட வேண்டும். மொழி தெரியவில்லை என்ற சமாதானத்தை மட்டும் நம்பியிருத்தல் விவேகமன்று.

அப்பெண்மணியின் அச்சமெல்லாம் மூன்று வயது மகனைப் பற்றியதே. "இன்றிரவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு ரயிலேறிவிடட்டுமா?" என்றார். வேண்டாமென்றோம். அடி உதைக்கு அஞ்சி வெளியேறுவது வேறு. அதற்கு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. இங்கு அந்நிலை இல்லை. எல்லா மதத்தினருக்கும் பொதுவான 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றமே அதன் பொறுப்பைப் பற்றிய மனுவை ஏற்கும். ரயிலேற்றிச் சென்றதனால் மட்டும் அவ்விடம் மாறிவிடாது. உண்மைகளை ஆராய்ந்தே நீதிபதி முடிவு செய்வார். விவாகரத்து வழக்கு நடக்கும்போதே, குழந்தை யாரிடம் இருப்பது என்று அந்நீதிமன்றமும் இடைக்கால உத்தரவிடலாம்.

இதனைக் 'குழந்தையின் காவல்' என்று தமிழில் எழுதுவோர் உளர். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு அச்சொல் உவப்பானதன்று. குழந்தை என்ன கைதியா? பொறுப்பு என்பதே பொருந்தும். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்புச் சட்டம், ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டுமென்கிறது. தந்தையே இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பின் தாய் என்றும் அதே சட்டம் சொல்கிறது. 'பின்' என்பது தந்தையின் ஆயுளுக்குப் பின் என்று மட்டும் பொருள்படாதென உச்ச நீதிமன்றம் 1999இல் விளக்கியது. எவ்வாறாயினும், குழந்தையின் நலனே தலையாய அளவுகோல். சம்பளம் அதிகமென்பதனாலேயே ஒருவர் வென்றுவிட மாட்டார்.

பெரியவர்கள் கூடி முத்திரைத்தாளில் எழுதி வாங்கினால் விவாகரத்து ஆயிற்று என்று நினைப்போர் இன்றும் உளர். சட்டம் ஏற்ற குலவழக்கம் இருந்தாலன்றி அத்தாள் செல்லாது. அதை நம்பி மறுமணம் செய்தால் குற்றமாகும். இருவரும் இசைந்தால் நேர்வழியே உண்டு: ஓராண்டு பிரிந்து வாழ்ந்தபின் கூட்டாக மனுச் செய்யலாம். பிறகு ஆறு மாதம் காத்திருத்தல் விதி. தக்க வழக்குகளில் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாமென 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அன்றிரவு அவர் கொண்டுவந்த கல்யாணப் பத்திரிகையை நாமே இந்தியில் மொழிபெயர்த்தோம். பிரிவு வழக்குக்காக 'நிகழும் மங்களகரமான' என்ற தொடரை வேற்று மொழியில் எழுத நேர்ந்தபோது, பேனா சற்று நின்றதுண்டு. மறுநாள் குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு அவருடன் சென்றோம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலிருந்த சட்ட உதவி அலுவலகத்தில் விண்ணப்பித்தோம். வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தித் தந்தார்கள்.

வழக்கு முடியும்வரை சிறுவன் தாயிடம் இருக்கவும், ஞாயிறுதோறும் தந்தை வந்து பார்க்கவும் இரண்டு மாதத்தில் உத்தரவாயிற்று. முதல் ஞாயிறன்று தந்தை ஒன்பது மணிக்கே வந்து வாசலில் நின்றிருந்தார். "உள்ளே உட்காரச் சொல்லுங்கள், அண்ணா" என்று அப்பெண்மணி நம்மிடம் சொல்லிவிட்டு, மகனுக்குத் தலை வாரப் போனார்.