'நெரீஸ்' என்று எழுதிய போத்தல்

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவர் புழுவைப் பற்றிப் பேசப் போகிறார் என்று நிகழ்ச்சிநிரலில் பார்த்ததும், பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பூச்சிமருந்து பற்றித்தான் என்று சிலர் நினைத்திருப்பீர்கள். அந்தப் புழு அல்ல. இது கடற்சேற்றில் வாழும் புழு. உயர்தரத்தில் விலங்கியல் படித்தவர்களுக்கு 'நெரீஸ்' என்ற பெயர் ஞாபகம் இருக்கும். உடம்பு முழுக்கத் துண்டம் துண்டமாக இருக்கும். ஒவ்வொரு துண்டத்திலும் இரு பக்கமும் சிறு துடுப்புப் போன்ற கால், அதில் கட்டுக் கட்டாகச் சிலிர்முட்கள். அதை எத்தனை தரம் வரைந்து பெயர் குறித்திருப்போம்!

1998ஆம் ஆண்டு உயர்தரம் எடுத்த விலங்கியல் வகுப்பில் நாங்கள் பதினொரு பேர். 1995 இடப்பெயர்வின்போது ஆய்வுகூடத்து மாதிரிகள் எல்லாம் போய்விட்டன. திரும்பி வந்தபோது அலுமாரிகள் வெறுமையாக இருந்தன. ஆளுக்கு ஒரு மாதிரி கொண்டுவாருங்கள் என்றார் ரீச்சர். கரைக்குப் போய் வருவது இலேசாக இல்லாத காலம். எங்களில் ஒருத்தியின் அப்பா தொழிலுக்குப் போகிறவர். தூண்டிலுக்கு இரையாக வைத்திருந்த புழுவொன்றை ஒரு பால்மா ரின்னில் போட்டு மகளிடம் கொடுத்துவிட்டார். சாண் நீளம், செம்மண்ணிறம். மிச்சமிருந்த போமலினை ஊற்றி, போத்தலை மெழுகால் அடைத்து, எங்களில் கையெழுத்து அழகானவள் ஒட்டுத்தாளில் எழுதினாள்: 'நெரீஸ், 1998'.

போன வருடம் நூற்றாண்டு வேலைகளுக்காக ஆய்வுகூடத்தைத் துப்புரவாக்கியபோது அந்தப் போத்தல் வெளியே வந்தது. புழு வெளிறிப் போயிருந்தது, ஆனால் முழுசாக இருந்தது. சங்கம் அன்பளிப்புச் செய்த புதிய நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துத் தலையைப் படம் எடுத்து, பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்பிக்கும் எங்கள் தங்கை ஒருத்திக்கு அனுப்பினோம். அவருடைய துறை நண்டு. இருந்தும் பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "அக்கா, இது நெரீஸ் இல்லை. தலையில் ஐந்து உணர்கொம்புகள் இருக்கின்றன, எண்ணிப் பாருங்கோ. மார்பைசாவாக இருக்கலாம்."

எண்ணினோம். ஐந்துதான். நெரீஸின் தலை முன்னால் சிறிய உணர்கொம்புகள் இரண்டு, பக்கத்தில் தடித்த இரண்டு, பின்னால் நூல் போன்றவை நான்கு சோடி என்று நாங்களே பரீட்சைக்குப் பாடமாக்கியிருந்தோம். புத்தகத்தில் இருந்ததைப் பாடமாக்கினோம், போத்தலில் இருந்ததைப் பார்க்கவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அந்த அலுமாரியில் ஒரு பிழையான நோய்நிர்ணயம் இருந்திருக்கிறது. அதைச் செய்தவர்களில் ஆறு பேர் இன்று வைத்தியர்கள்.

நோய்நிர்ணயம் என்ற சொல்லை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. புதிய இனம் ஒன்றை விவரிக்கும் கட்டுரையில் 'டயக்னோசிஸ்' என்றே ஒரு பகுதி உண்டு. இந்த உயிரியை அதன் உறவினர் எல்லோரிடமிருந்தும் பிரித்துக் காட்டும் அடையாளங்கள் எவை என்று அதில் எழுத வேண்டும். நாங்கள் நோயாளியின் கட்டிலருகே செய்வதும் இதுதான். ஒரு வித்தியாசம்: எங்களுக்குக் காலையில் தொடங்கி மாலைக்குள் முடிவு வேண்டும். அவர்களுக்கு வருடக்கணக்கில் ஆகும்.

எவ்வளவு காலம் என்பதற்கு நெரீஸின் குடும்பத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மத்திய அமெரிக்காவின் கொஸ்ரா ரிக்கா நாட்டுக்கு அப்பால், பசிபிக் கடலில் ஏறத்தாழ 1,000 மீற்றர் ஆழத்தில், கடலடியிலிருந்து மெதேன் வாயு கசியும் இடங்கள் உள்ளன. 2009இல் அல்வின் என்ற ஆய்வு நீர்மூழ்கி அங்கே இறங்கியது. அதன் ஓட்டுநர் புரூஸ் ஸ்ட்ரிக்ரொட். கண்ணாடிக்கு வெளியே, இருட்டில், பாய் விரித்தது போல அலைந்து அலைந்து நீந்தும் புழுக்களை அவர்கள் கண்டார்கள். பிடிக்க முடியவில்லை. கண்டதை மட்டும் வைத்துப் பெயரிட முடியாது, உடல் கையில் வேண்டும். ஒன்பது வருடம் கழித்து, 2018இல், அதே பகுதிக்குத் திரும்பிப் போனபோதுதான் உறிஞ்சு குழாயால் சிலவற்றைப் பிடித்தார்கள். நீளம் பத்துச் சென்ரிமீற்றர் அளவு. அதன் பிறகும் ஆறு வருட வேலை. தாடைகளையும் சிலிர்முட்களையும் பார்த்து, மரபணுவைப் படித்து, அறியப்பட்ட உறவினருடன் ஒப்பிட்டார்கள். ஐந்து பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை 2024 மார்ச்சில் வெளிவந்தது. புழுவின் பெயர் பெக்டினெரெய்ஸ் ஸ்ட்ரிக்ரொட்டி. 'பெக்டென்' என்றால் இலத்தீனில் சீப்பு. நெரீஸ் குடும்பத்தில் வழக்கமில்லாதபடி, இதன் கால்களில் மீனுக்கு இருப்பது போலப் பூக்கள் இருக்கின்றன. பின்பாதி ஓட்டுநரின் பெயர். பேராசிரியர் பெயரை வைக்காமல், வாகனம் ஓட்டியவரின் பெயரை வைத்தார்கள் என்பது எங்களுக்கு மிகவும் பிடித்தது. (முன்வரிசையில் இருக்கும் எங்கள் விலங்கியல் ரீச்சரின் பெயரை ஒரு புழுவுக்கு வைத்தால் கோபிப்பாரா என்று நேற்று இரவு எங்களுக்குள் விவாதம் நடந்தது. முடிவாகவில்லை.)

இனி எங்கள் போத்தலுக்கு வருவோம். மார்பைசா என்றே வைத்துக்கொண்டாலும், எந்த மார்பைசா? 1813இல் ஜோர்ஜ் மொன்டேகு என்பவர் இங்கிலாந்தின் தென்கரைப் புழு ஒன்றை விவரித்தார். இன்று அதன் பெயர் மார்பைசா சங்குனியா. அதற்குப் பிறகு உலகின் பல கரைகளில் இதைப் போன்ற புழு கிடைத்தபோதெல்லாம் அதே பெயரைப் போட்டார்கள். அவுஸ்திரேலியாவிலும் அதுதான், ஆசியாவிலும் அதுதான். 2003இல் அவுஸ்திரேலிய அரும்பொருட்காட்சியகத்தைச் சேர்ந்த பட்ரிசியா ஹட்சிங்ஸ் என்ற பெண் ஆய்வாளர், சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து, இங்கிலாந்துப் புழுவுக்கு ஒரு புதிய நியம மாதிரியைத் தெரிவுசெய்து, அதை மீண்டும் ஒழுங்காக விவரித்தார். அதோடு ஒப்பிட்டபோது கிழக்கு அவுஸ்திரேலியப் புழு வேறு இனம் என்று தெரிந்தது. மார்பைசா முல்லாவா என்று பெயரிட்டார்கள். அதன்பின் பல நாடுகளில் அந்தப் பழைய பெயருக்குள்ளிருந்து வேறு வேறு இனங்கள் வெளியே வந்தவண்ணம் உள்ளன. தூண்டிலில் குத்தும் புழுவுக்கு இத்தனை பாடு ஏன் என்று கேட்கலாம். ஒரு கரையில் இரைக்காகத் தோண்டித் தோண்டி ஒரு புழு அற்றுப் போனால், உலகமெங்கும் இருக்கிற புழுதானே என்று விட்டுவிடுவோம். அங்கே மட்டும் இருந்த புழு என்று தெரிந்திருந்தால் அப்படி விடுவோமா?

எங்கள் கடலில் யாரும் பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. மன்னார் முத்துக்குளிப்பு ஏன் பொய்த்துப் போகிறது என்று ஆராய 1902இல் பேராசிரியர் ஹேட்மன் வந்தார். அவர் சேர்த்த சிலிர்முட்புழுக்களை விவரித்து 1905இல் அறிக்கை எழுதியவர், அப்போது கொழும்பு நூதனசாலைக்குப் பொறுப்பாக இருந்த ஆதர் வில்லி. அது எங்கள் கல்லூரியை விடவும் வயதானது.

எங்கள் போத்தலில் உள்ளது எந்த இனம்? புதியதா, பழையதா? அதைக் கொண்டு யாராலும் சொல்ல முடியாது. எந்தக் கரை, எந்தத் திகதி, மணலா சேறா, எதுவும் எழுதப்படவில்லை. கொண்டுவந்த அப்பாவும் இப்போது இல்லை. போமலினில் இத்தனை காலம் கிடந்த உடலிலிருந்து மரபணு எடுப்பதும் கடினம். பெயரைப் பெரிதாக எழுதினோம், இடத்தை எழுதவில்லை.

இதைவிடப் பெரிய பிழை ஒன்றை இந்த மேடையில் சொல்ல வேண்டும். அந்த ஒட்டுத்தாளை எழுதியவள்தான் எங்களில் நன்றாக வரைபவள். புழுவின் ஒரு காலை வரைய இரண்டு பாடவேளை எடுப்பாள். அவளுக்கு விலங்கியல் சிறப்புப் பட்டம் படிக்க ஆசை. முதல் தரம் விஞ்ஞான பீடம் கிடைத்தது. நாங்கள்தான் அவளது வீட்டுக்குப் போய்ச் சொன்னோம்: "விலங்கியல் படிச்சு என்னடி செய்யப் போறாய், கடைசியில் ரீச்சராத்தானே வருவாய், திரும்ப எடு." ரீச்சர்மாரை முன்னால் வைத்துக்கொண்டு இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவளுடைய அம்மாவும் எங்கள் பக்கம். திரும்ப எடுத்தாள், மருத்துவ பீடத்துக்குச் சில புள்ளிகள் குறைந்தன, விஞ்ஞான பீடமும் கைவிட்டுப் போயிற்று. பிறகு கலியாணம், கனடா. நன்றாகத்தான் இருக்கிறாள். இந்த மலர் அவளுடைய கைக்கும் போகும். போத்தலின் படத்தை அனுப்பியபோது ஒரு வரிதான் எழுதினாள்: "நான் அப்பவே கேட்டனான், கொம்பு கூடவா இருக்கெண்டு. பேசாமல் எழுதடி எண்டனீங்கள்."

உண்மை. கேட்டாள். எங்களுக்கு மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டியிருந்தது.

போன மாதம், ஊரில் இருக்கும் நாங்கள் மூவரும், உயர்தர வகுப்புப் பிள்ளைகள் நால்வரும், நண்டுத் தங்கையும் அனுமதி பெற்றுக் கடல்நீரேரிக் கரைக்குப் போனோம். வற்று நேரம். முழங்கால்வரை சேறு. இந்த முறை ஒரு போத்தலில் மதுசாரம், மரபணுவுக்கு. மற்றதில் போமலின், உருவத்துக்கு. பென்சிலால் எழுதிய தாளைப் போத்தலுக்கு உள்ளேயே போட்டோம்: இடம், ஆள்கூறு, திகதி, நேரம், ஆழம், சேற்றின் தன்மை, எடுத்தவரின் பெயர். இனத்தின் பெயருக்கு உரிய கோட்டில் எதுவும் எழுதவில்லை.

அந்தக் கோட்டைப் பார்த்து ஒரு பிள்ளை கேட்டாள்: "டொக்டர், இது புதுசெண்டால் பெயர் வைக்க எத்தனை வருசம் செல்லும்?"

பதினைந்து வருடமும் ஆகலாம் என்றோம். தனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது என்று விரலில் எண்ணிப் பார்த்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த வளையைத் தோண்டப் போனாள்.