வலி நின்ற பல்



பல்வலியைப் பற்றி வானொலியில் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் உடலியல் பாடம் நடத்திய நான், என் சொந்தப் பல் ஒன்றின் திறத்தில் பெரும்பிழை செய்தேன். அதனைச் சொல்லவே வந்தேன்.

கீழ்த்தாடையில் இடப்புறக் கடைவாய்ப் பல் சொத்தையாயிற்று. முதலில் குளிர்ந்த நீர் பட்டால் கூசிற்று. பின்னர் வெந்நீர் பட்டாலும் வலித்தது. இரவில் உறக்கம் அகன்றது. கிராம்புத் தைலம் தடவி வந்தேன். ஒருநாள் வலி அறவே நின்றுவிட்டது. தைலம் வென்றது என்று மகிழ்ந்தேன். நிகழ்ந்ததோ வேறு: வலியை உணரும் நரம்பே பல்லினுள் இறந்துபோயிருந்தது. இரண்டு திங்கள் கழித்துக் கன்னம் வீங்கிய பின்னரே அதனை அறிந்தேன்.

பல்லின் மேலுறை எனாமல். நம் உடலில் அதனினும் கடினமான பொருள் வேறில்லை. அதனுள் டென்டீன், அதற்கும் உள்ளே நரம்பும் குருதிக் குழாய்களும் நிறைந்த பற்கூழ். பூச்சிப் பல் என்கிறோம். பூச்சி ஏதும் இல்லை. (கண்டங்கத்தரி விதையைப் புகைத்துப் பூச்சியை விழச் செய்ததாகக் கூறும் பெரியோர் எங்கள் ஊரிலும் இருந்தனர்.) பல்லிடுக்கில் தங்கும் இனிப்பையும் மாவையும் நுண்ணுயிர்கள் அமிலமாக்குகின்றன, அவ்வமிலமே பல்லைக் கரைக்கிறது என்று பெர்லின் நகரில் ஆராய்ந்த மில்லர் என்னும் அமெரிக்கர் 1890இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். அரிப்பு எட்டியதும் பற்கூழ் வீங்க முயலும். வீங்க இடமேது? சுற்றிலும் கற்சுவர் அன்றோ! அதனால்தான் அத்துணை வலி. கூழ் இறந்தபின் வலி ஓயும்; நுண்ணுயிர்கள் ஓயா. வேர்நுனி வழியே தாடையெலும்பில் இறங்கிச் சீழ் கட்டச் செய்யும்.

பல்லைப் பிடுங்கிவிடுங்கள் என்றேன். அந்த இளம் மருத்துவ அம்மையார் இணங்கவில்லை. "ஐயா, வீடு உறுதியாகத்தான் இருக்கிறது, உள்ளறையைத்தான் தூய்மை செய்ய வேண்டும்" என்றார். வேர்ச் சிகிச்சை, மக்கள் வழக்கில் ரூட் கெனால் என்பது இதுவே.

மரத்துப்போக ஊசியிட்டுப் பல்லின் உச்சியில் சிறு வாயில் திறந்தார். கீழ்வரிசையின் முதற் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் வேர் இரண்டு. உள்ளே குழாய் மூன்று. மெல்லிய அரங்களைச் செலுத்தி, எக்ஸ்ரே படத்தால் ஆழம் கண்டு, இறந்த கூழை அகற்றிக் கிருமிநாசினி நீரால் பன்முறை கழுவினார். பின்னர்க் குழாய்களைக் கட்டாபெர்ச்சாவால் அடைத்தார். அது மலேசிய நாட்டுக் காடுகளில் வளரும் ஒருவகை மரத்தின் பால். 1858இல் அட்லாண்டிக் கடலடியில் இட்ட முதல் தந்திக் கம்பிக்கு, நீர் புகாதிருக்க உறையானதும் அப்பாலே! அது என் வாய்க்குள்ளும் வந்து சேர்ந்ததை எண்ணி வியந்தேன். நான் அஞ்சிய வலியோ, ஊசி குத்திய அளவே.

முடிந்தது என்று எழுந்தேன். மருத்துவர் தடுத்தார். அரிப்பாலும் துளையாலும் சுவர் மெலிந்த பல், முறுக்கைக் கடித்தால் பிளந்துவிடக்கூடும். மேலே கவசம் பூட்ட வேண்டும் என்றார். வலிதான் இல்லையே, பிறகு பார்க்கலாம் என்று நாநுனி வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு, அடுத்த வாரமே சென்று பூட்டிக்கொண்டேன்.