ராம்சே மெக்டொனால்டும் 1931 ஆகஸ்டும்



பிரிட்டனின் முதல் தொழிற்கட்சிப் பிரதமரான ராம்சே மெக்டொனால்டு, தொழிலாளி வர்க்கத்துக்குள் வெளியிலிருந்து வந்து புகுந்தவர் அல்லர். 1866இல் ஸ்காட்லாந்தின் லாசிமத் என்னும் மீனவ ஊரில், பண்ணைத் தொழிலாளி ஒருவருக்கும் பணிப்பெண் ஒருவருக்கும் மணவுறவின்றிப் பிறந்தவர். 1914இல் தொழிற்கட்சி உலகப் போரை ஆதரித்தபோது, நாடாளுமன்றக் குழுத் தலைமையைத் துறந்தார். அதற்காகப் பத்திரிகைகள் அவரது பிறப்பைச் சந்திக்கு இழுத்தன. சொந்த ஊர்ப் பகுதியின் கோல்ஃப் சங்கம்கூட அவரை நீக்கியது. 1918 தேர்தலில் தோற்றார். இவற்றையெல்லாம் மறைத்துவிட்டுத் துரோகி என்ற ஒரே சொல்லில் அவரை முடித்துவிடலாம். ஆனால் அதனால் எதுவும் விளங்காது.

1924 ஜனவரியில் சிறுபான்மை அரசின் பிரதமரானார். அடுத்த சில நாட்களிலேயே சோவியத் யூனியனுக்கு அங்கீகாரம் அளித்தார். அதே ஆண்டில்தான், அதே அரசின் ஆளுகையில், கான்பூர் சதி வழக்கில் முசாபர் அகமது, டாங்கே, உஸ்மானி, நளினி குப்தா ஆகியோருக்கு நான்காண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவ்வழக்கில் நம் சிங்காரவேலரின் பெயரும் இருந்தது. நோயுற்றிருந்ததால் அவர் கூண்டேற்றப்படவில்லை. இந்தியாவைப் பற்றி நூல் எழுதியவர், 1911 காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை ஏற்க அழைக்கப்பட்டவர் மெக்டொனால்டு! மீரட் சதி வழக்கின் கைதுகள் 1929 மார்ச்சில் கன்சர்வேடிவ் ஆட்சியில் நிகழ்ந்தன. ஜூனில் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அவ்வழக்கைக் கைவிடவில்லை. பகத்சிங் தூக்கிலிடப்பட்ட 1931 மார்ச்சிலும் லண்டனில் பிரதமர் அவரே.

காலனி மக்களுக்குக் கிடைத்த இந்த அனுபவம் சொந்த நாட்டுத் தொழிலாளருக்கும் அவ்வாண்டே கிட்டியது. நெருக்கடியில் வேலையற்றோர் தொகை 25 லட்சத்தைத் தாண்டியது. காப்பீட்டு நிறுவனச் செயலாளராக இருந்த ஜார்ஜ் மே தலைமையிலான குழு, அரசுச் செலவில் 9 கோடியே 60 லட்சம் பவுன் குறைக்கச் சொன்னது. அதன் பெரும்பகுதி வேலையற்றோர் உதவித்தொகையிலிருந்து வரவேண்டுமாம். தங்கம் நாட்டைவிட்டு ஓடிக்கொண்டிருந்தது. கடன் தரவிருந்த நியூயார்க் வங்கியாளர்களும் செலவுக் குறைப்பையே எதிர்பார்த்தனர். உதவித்தொகையில் 10 சதவீத வெட்டு ஆகஸ்டு 23 அன்று அமைச்சரவையின் முன் வந்தது. ஆதரவு 11, எதிர்ப்பு 9. அமைச்சரவை பிளந்தது. மறுநாள் அரண்மனையிலிருந்து மெக்டொனால்டு திரும்பியது கன்சர்வேடிவ்களும் லிபரல்களும் அடங்கிய ‘தேசிய அரசின்’ பிரதமராக.

மன்னரின் வசீகரத்தைக் காரணம் காட்டுவோர் உண்டு. அது சிறு விஷயம். செழித்த முதலாளித்துவத்தின் வயிற்றிலிருந்தே சோசலிசம் மெல்லப் பிறக்கும் என்பது அவரது கோட்பாடு. அப்படியானால் முதலாளித்துவம் நோயுறும்போது முதற்கடமை என்ன? அதற்கு மருத்துவம் பார்ப்பதுதானே! நிதியமைச்சர் ஸ்னோடன், தங்க நாணய முறையைக் காப்பதில் வங்கியாளர்களுக்குச் சற்றும் சளைத்தவர் அல்லர்.

செப்டம்பர் 15 அன்று, சம்பள வெட்டுக்கு எதிராக இன்வர்கார்டனில் கடற்படை மாலுமிகள் பணியாற்ற மறுத்தனர். 21ஆம் தேதி பிரிட்டன் தங்க நாணய முறையையே கைவிட்டது. எதைக் காக்க ஏழையின் ரொட்டி வெட்டப்பட்டதோ, அது ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. வெட்டு மட்டும் நிலைத்தது.

தொழிற்கட்சி அவரை வெளியேற்றியது. அக்டோபர் தேர்தலில் அக்கட்சி 52 இடங்களாகச் சுருங்கியது. மீரட் தோழர்களுக்கு 1933 ஜனவரியில் தண்டனை அறிவிக்கப்பட்டபோதும் அவரே பிரதமர். 1935இல் சீகம் தொகுதியின் சுரங்கத் தொழிலாளர்கள், தொழிற்கட்சியின் ஷின்வெல்லை நிறுத்தி அவரைத் தோற்கடித்தனர். 1937 நவம்பரில் கப்பல் பயணத்தின்போது நடுக்கடலில் மெக்டொனால்டு இறந்தார்.