துவக்கும் தற்காப்பும்

(வாசிகசாலை ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டத்தின் முடிவிலே இளைஞர் ஒருவர் என்னை வினவினார்: “இரவில் வீட்டினுட் புகுந்த கள்வனைச் சுட்டுக் கொன்றால் குற்றமா?” ஒரு சொல்லில் விடையிறுக்க இயலாத வினா அது.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 89 முதல் 99 வரையுள்ள பிரிவுகளிலே தற்காப்புரிமையை வகுத்துரைக்கின்றது. தன்னுயிரை மட்டுமன்றிப் பிறர் உயிரையும் காக்கும் உரிமை எவர்க்கும் உண்டு. மரணமோ கொடுங்காயமோ நேருமென நியாயமாக அஞ்சுபவர், தாக்குபவனைக் கொன்றாலும் குற்றவாளி அல்லர். இரவிலே வீடுடைத்துப் புகுவோன் மீதும், குடியிருக்கும் வீட்டிற்குத் தீயிடுவோன் மீதும் இவ்வுரிமை செல்லும். ஆயினும் தேவைக்கு மேற்பட்ட தீங்கு சிறிதும் செய்தல் ஆகாது. கள்வன் வேலி பாய்ந்து ஓடிவிட்டானாயின், நமது அச்சமும் அவனோடு ஓடிவிடுகின்றது. அதன்பின் அவன் முதுகிற் பாயும் குண்டு தற்காப்பன்று. மாட்டையோ தேங்காயையோ களவெடுத்தான் என்பதற்காக மட்டும் ஒருவனைக் கொல்லச் சட்டம் இடந்தரவில்லை. நல்லெண்ணத்தோடு எல்லை மீறினாற் கொலைக்குற்றம் குறையலாம். எனினும் 20 ஆண்டு வரை சிறை உண்டு. தற்காப்பே என நிறுவும் பொறுப்பும் சுட்டவர் தலையிலேயே விழும்.

வன்னியிலே பன்றிக்கெனக் கட்டுத்துவக்கு வைப்போர்க்கும் ஒரு வார்த்தை. கம்பியிலே கால் தட்டியது பன்றியா, விறகு பொறுக்க வந்த அயலவரா என அது பாராது. அஞ்சுவதற்கு ஆளே இல்லாத இடத்தில் தற்காப்பு எங்ஙனம் பிறக்கும்?

இனி, அந்த இளைஞரின் வினாவின் பின்னே மறைந்து நின்ற வினாவிற்கு வருகிறேன். வருவது கள்வன் அல்லன், கும்பலாயின்?

அரச காவலை நாட அவகாசமிருந்தால் தற்காப்புரிமை இல்லை என்கிறது 92ஆம் பிரிவு. 1958 மே மாதத்திலே தமிழர் தாக்கப்பட்டபோது, வன்செயல் தொடங்கிப் பல நாட்களின் பின்னரே, 27ஆம் திகதி, அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. காவல் வராத இடத்திலே காத்திருந்து சாகும்படி எப்பிரிவும் கூறவில்லை.

99ஆம் பிரிவு ஓர் உதாரணம் தருகின்றது. ஒருவனைக் கொல்லவென ஒரு கும்பல் சூழ்ந்துகொள்கிறது. சுட்டாலன்றி அவன் தப்ப இயலாது. கும்பலினுள்ளே குழந்தைகளும் நிற்கின்றனர். அவன் சுட்டு, குழந்தைக்குத் தீங்கு நேரினும் குற்றமில்லையாம். சட்டப்படி அது சரி. அக்குழந்தையின் தாய்க்கு அவன் யாது கூறுவான்? நீதிமன்றம் விடுவித்த பின்னரும் மனச்சான்று விடுவிக்குமா? பின்வாசல் இருந்ததா, வானை நோக்கிச் சுட்டுக் கலைத்திருக்கலாமா என்று அவன் தன்னையே வாழ்நாளெல்லாம் விசாரணை செய்வான். துவக்கைக் கையிலெடுக்குமுன் நாம் செய்யவேண்டிய விசாரணை அது.

அதே 1958இல் மட்டக்களப்புப் பகுதியிலே, நம்மைத் தாக்கியோரோடு யாதொரு தொடர்புமற்ற சிங்களவர் சிலர் பழிக்குப் பழியாகக் கொல்லப்பட்டனர். அதனையும் தற்காப்பு என்பார் உளர். அவர்தம் துயரை நான் அறியாதவன் அல்லன். ஆனால் சட்டம் தந்த உரிமை தாக்குபவன் மீது மட்டுமே. அவன் இனத்தார் மீதன்று. இதைக் கூறுவதால் என்மீது சினங்கொள்வோர் இச்சபையிலே இருப்பீர்கள். சினங்கொள்ளுங்கள், ஆயின் வீடு சென்றதும் 93ஆம் பிரிவை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.