சாலையை நிறைத்து வந்த பெருங்கலம்
(உரையின் எழுத்து வடிவம்)

2020ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், தமிழ்நாட்டு எல்லையான களியக்காவிளையைக் கடந்து, பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை வழியே திருவனந்தபுரத்தை நோக்கி ஒரு வண்டி ஊர்ந்து சென்றது. அதற்கு 74 சக்கரங்கள். அதன்மேல் கிடந்த உருளை ஏறத்தாழ 70 டன் எடையுடையது, உயரம் 7.5 மீட்டர், அகலம் 6.65 மீட்டர். மகாராஷ்டிரத்திலிருந்து 2019 ஜூலை 8ஆம் நாள் புறப்பட்ட அது, சுமார் 1,700 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து 2020 ஜூலை 19ஆம் நாள் திருவனந்தபுரத்தை அடைந்தது. கணக்கிட்டால் நாளொன்றுக்கு ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவு. ஊரடங்குக் காலத்தில் வழியிலேயே நின்றுவிட்ட வாரங்களும் இதில் அடங்கும்.

இத்தகைய பொருளை முன்னறிவிப்பின்றிக் காணும் சிற்றூர் மக்கள் அதன் பயனை ஊகிக்க முற்படுவது இயல்பே. கொதிகலனா, எண்ணெய்த் தொட்டியா, ராக்கெட்டே தானா, அணு உலையின் பகுதியா என்றெல்லாம் எண்ணத் தோன்றும். இவ்வூகத்தை வெறும் வம்பளப்பு என ஒதுக்கிவிட வேண்டியதில்லை; பொருளைக் கூர்ந்து நோக்கினால் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

முதலில் வடிவம். உள்ளிருந்து அழுத்தம் தாங்க வேண்டிய கலம் எதுவாயினும் வட்டமாகவே அமையும். தட்டையான சுவர் புடைத்துவிடும். விட்டம் பெருகப் பெருக, அதே அழுத்தத்தைத் தாங்கச் சுவரின் தடிப்பும் பெருக வேண்டும். ஆனால் எடை வேறொன்றைக் கூறுகிறது. கூடங்குளத்தில் உள்ளது போன்ற அணு உலைக் கலம் ஏறத்தாழ நாலரை மீட்டர் அகலமே உடையது; எடையோ 300 டன்னுக்கு மேல். அதைவிட அகன்ற இவ்வுருளை 70 டன் அளவிலேயே நிற்கிறதென்றால், இது தாங்க வேண்டிய அழுத்தம் மிதமானதே என்பது தெளிவு. இவ்வளவு அகலமோ, உள்ளே மிகப் பெரிய பொருளொன்றை முழுதாக வைத்து எடுப்பதற்கென்றே வேண்டப்படுவது.

விடை இதுதான்: விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்திற்காகச் செய்யப்பட்ட ஆட்டோகிளேவ் என்னும் அழுத்தக் கலம் அது. கார்பன் இழைத் துணியைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக அச்சின்மேல் படியவைத்து, காற்று நீக்கிய உறையிட்டு இதனுள் செலுத்துவர். வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து அடுக்குகளுக்கிடையே உள்ள காற்றுக் குமிழிகளை நசுக்கிப் பிசினை இறுகச் செய்கின்றன. எடை குறைந்தும் உறுதி மிகுந்தும் உள்ள ராக்கெட் பாகங்கள் இவ்வாறு உருவாகின்றன. அடுப்பங்கரையிலுள்ள பிரஷர் குக்கரின் பேருருவம் என்று சொன்னால் பாறசாலையில் எவருக்கும் விளங்கியிருக்கும்.

துண்டு துண்டாகக் கொணர்ந்து இங்கே பொருத்தியிருக்கலாகாதா என்று மாணவர்கள் வினவக்கூடும். அழுத்தக் கலத்தின் பற்றவைப்புகள் தொழிற்சாலையிலேயே வெப்பப் பதம் செய்யப்பட்டுச் சோதிக்கப்படுகின்றன. அதனை வெட்டி மீண்டும் ஒட்டுவது புதிதாகச் செய்வதற்கு ஒப்பாகும். ரயிலும் உதவாது, அகல ரயில்பாதையில் செல்லும் வண்டியின் அகலம் சுமார் மூன்றேகால் மீட்டருக்குள் அடங்க வேண்டும். எனவே சாலை. இருவழிச் சாலையின் ஓடுதளம் ஏழு மீட்டர், கலம் 6.65 மீட்டர். எதிரே ஒரு மிதிவண்டிக்குக்கூட இடமில்லை.

மின்கம்பிகளின் நிலையும் அதுவே. சாலையைக் குறுக்காகக் கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டர் உயரத்திலும், உயரழுத்தக் கம்பி 6.1 மீட்டர் உயரத்திலும் இருந்தால் போதும் என்பது விதி. ஏழரை மீட்டர் உயரமுள்ள பொருள் செல்ல வேண்டுமாயின், கம்பிகளைக் கழற்றி மீண்டும் கட்ட வேண்டும். அதுவரை மாவு மில் ஓடாது. கிணற்று மோட்டார் ஓடாது. கடையின் குளிர்பெட்டி பயன்படாது. போக்குவரத்துச் செலவுப் பட்டியலில் வாடகையும் கூலியும் இடம்பெறும். வழியோரத்தார் இழந்த மணி நேரங்கள் எந்தப் பட்டியலிலும் இடம்பெறா. பொருளியல் நூல்கள் இதனைப் புறச்செலவு என்று கூறும்.

இச்செலவை முழுவதும் ஈடுசெய்வது எளிதன்று. ஆனால் எது வருகிறது, எதற்காக வருகிறது, எத்தனை மணிக்கு மின்சாரம் நிற்கும், எப்போது திரும்பும் என்பதை இரண்டு நாள் முன்னதாக ஊராட்சிப் பலகையில் எழுதுவதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். பாதுகாப்புக் கருதிச் சொல்லலாகாது என்ற வாதம் இங்கு நில்லாது. கலத்தின் பெயரும் பயனும் செய்தித்தாள்களில் வந்தவையே. ஊருக்குச் சொல்லாமல் செய்தியாளருக்குச் சொல்லும் வழக்கம் நிர்வாகத்திற்கு அழகன்று.

அவ்வறிவிப்பு இரு மொழிகளில் இருத்தல் வேண்டும் என்பதும் இவ்வட்டாரத்திற்கே உரிய தேவை. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கு இப்பாலும் தமிழ் படிப்போர் உளர். மலையாளத்தில் மட்டும் ஒட்டப்படும் அறிவிப்பு அவர்களுள் முதியோர் பலரைச் சென்றடையாது.

கடல்வழி மற்றொரு தீர்வு. அதே விண்வெளி மையத்தின் காற்றுச் சுரங்கத்திற்கான பெரும் பாகங்கள் பின்னர் கொல்லம் துறைமுகத்தில் இறக்கப்பட்டு, அங்கிருந்து குறைந்த தொலைவே சாலையில் சென்றன. நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த விழிஞ்ஞத்தில் 2025 மே 2ஆம் நாள் புதிய துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டுள்ளது. அது சரக்குப்பெட்டிகளுக்கென அமைந்ததாயினும், பெருஞ்சுமைகள் இனி வரும்போது எவ்வழி மலிவு என்பதைக் கணக்கிடும் அலுவலர், வழியோர ஊர்களின் இருண்ட மணி நேரங்களையும் ஒரு வரியாகச் சேர்த்துக் கணக்கிடுவாராயின், விடை மாறக்கூடும்.